பையை மாட்டிக்கொண்டு சொன்ன ‘வரேன்’

எடைமேடைக்காரருக்கு வாய் இருக்கிறது என்பது லாரி ஓட்டுகிறவர்களுக்கு மட்டுமே தெரிந்த சங்கதியாக இருந்தது. நெடுஞ்சாலை ஊருக்குள் திரும்புகிற முனையில், நாலு பக்கமும் கண்ணாடி போட்ட ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். சரக்கு லாரி இரும்புத் தகட்டின் மேல் ஏறும்போது மைக்கை அழுத்தி, "கொஞ்சம் முன்னாடி வாங்க... இன்னும்... போதும், இறங்குங்க" என்பார். திரையில் எடை வரும். சீட்டைக் கிழித்து ஜன்னல் வழியாக நீட்டுவார். ஒரு நாளைக்கு அவருடைய பேச்சு அவ்வளவுதான், அதையே மாற்றி மாற்றிச் சொல்லுவார். ஆனால் அந்தக் குரல் இருக்கிறதே, கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவது மாதிரி அத்தனை ஆழம்.

எனக்குத் தொழில் முடி வெட்டுவது. அடுத்தவர் வாயைப் பிடுங்குவது அந்தத் தொழிலோடு ஒட்டிக்கொண்டு வருகிற உப தொழில். எப்பேர்ப்பட்ட அழுத்தக்காரனும் துணியைப் போர்த்தி உட்காரவைத்தால் கொஞ்ச நேரத்தில் குடும்பக் கதையை அவிழ்த்துவிடுவான். எடைமேடைக்காரரிடம் மட்டும் என் பாச்சா பலிக்கவில்லை. "பக்கத்துல குறைக்கணுமா அண்ணே?" என்றால் தலையை ஆட்டுவார். "ஆட்டாதீங்க, காது போயிடும்" என்றால் அதற்கும் தலையை ஆட்டுவார்.

அவரைப் பாட்டுக்குள் இழுத்து வந்தது பேப்பர்க்கார அக்கா. பழைய பேப்பரை மொத்தமாக வாங்கி ஆலைக்கு அனுப்புகிறவர். சரக்கு போகும்போது டிரைவர் பக்கத்தில் தானே ஏறி உட்கார்ந்துகொண்டு போவார். எங்கள் ஊர்ச் சேர்ந்திசைக் குழுவில் பெண்கள் வரிசையில் முன்னால் நிற்பவரும் அவர்தான். ஒரு நாள் மைக்கில் "போதும், இறங்குங்க" என்று கேட்டதும் நிஜமாகவே இறங்கிப் போய்க் கூண்டின் கண்ணாடியைத் தட்டியிருக்கிறார். "இந்தக் குரலைக் கொண்டுபோய் லாரிக்கு முன்னாடி கொட்டிக்கிட்டிருக்கீங்களே, உங்களுக்கே இது நியாயமா இருக்கா?" என்று சண்டைக்குப் போவது போலக் கேட்டிருக்கிறார். அப்போது குழுவில் ஆண்களுக்கு அப்படி ஒரு பஞ்சம். கீழ்க்குரல் வரிசையில் நானும் இன்னும் சிலரும்தான், அதிலும் பாதிப் பேர் மனைவி சேர்ந்த பாவத்துக்குச் சேர்ந்தவர்கள். எடைமேடைக்காரர் பிகு பண்ணுவார் என்று அக்கா எதிர்பார்த்தாராம். அவரோ, "எப்ப வரணும்?" என்று மட்டும் கேட்டாராம்.

நாங்கள் எடுத்துக்கொண்டது லேசுப்பட்ட பாட்டு இல்லை. முழுக்க ஆங்கிலம். நூறு குரலுக்கு மேல் வேண்டும், வாத்தியக்காரர்கள் வெளியூரிலிருந்து வரவேண்டும், நடுவில் ஒரு இடைவேளை விட்டால்தான் மூச்சு தாங்கும். இருட்டில் அகப்பட்டுக்கொண்ட ஒரு ஊர் விடியலுக்குக் காத்திருப்பதுதான் கதை. முதலில் எல்லோரும் பயப்படுவார்கள், நடுவில் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லுவார்கள், கடைசியில் விடியும். இதை நேரில் கேட்டவர் எங்களில் டீச்சர் ஒருவர்தான். கையில் குச்சியோடு எங்களை மேய்க்கிறவர் அவர். பாட்டுப் புத்தகத்தைக் கொடுத்த அன்றே, "இதைப் போன்ல கீன்ல கேட்டுக் கெடுத்துக்காதீங்க. நேர்ல கேக்கறப்ப காலுக்கு அடியில தரை அதிரும். அதுக்காகக் காத்திருங்க" என்று சொல்லிவிட்டார். நாங்களும் அரங்கில் நிற்கப்போகிற அந்த ஒரு நாளை நினைத்துக்கொண்டு, பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில், பினாயில் வாடைக்கு நடுவே, துண்டு துண்டாகப் பாடிக்கொண்டிருந்தோம்.

குழுவில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. மீதிப் பேர் நாங்கள் வார்த்தைகளுக்கு மேலே பென்சிலால் தமிழில் எழுதிக்கொண்டோம். வினை அங்கேதான் வந்தது. ‘பயமில்லை’ என்று பொருள் வருகிற இடத்தில் ‘நோ ஃபியர்’ என்று எழுதவேண்டும். அந்த மூன்று புள்ளிக்கெல்லாம் யார் மெனக்கெடுவது? ‘நோ பியர்’ என்று எழுதிவிட்டோம். ஒத்திகையில் கீழ்க்குரல் வரிசை மொத்தமும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஊரில் பீர் தீர்ந்துபோன செய்தியை அறிவித்தது. டீச்சர் குச்சியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து சிரித்தார். எடைமேடைக்காரர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சிரித்து முடித்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். இதை உடனே யாரிடமாவது சொல்லவேண்டும் என்று தேடுகிற முகம் அது. வீட்டில் அப்படிச் சொல்ல அவருக்கு ஆள் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

மனைவி அவரைவிட்டுப் போய் வருஷக் கணக்காகிவிட்டது. குடி, அடிதடி, இன்னொருத்தி, எந்தக் கண்ணராவியும் கிடையாது. மனுஷன் பேசமாட்டார், அவ்வளவுதான் வழக்கு. நாள் முழுக்க மைக்கில் பேசிவிட்டு வீட்டுக்கு வந்ததும் சுவிட்சை அணைத்த மாதிரி ஆகிவிடுவார். அந்த அம்மா எதிரில் உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்லுவாராம், இவர் ‘ம்’ கொட்டுவாராம். ஒரு நாள், "உங்ககூட ரெண்டு வார்த்தை பேசணும்னா நான் ஒரு லாரி வாங்கணும் போலிருக்கு" என்றிருக்கிறார். அதற்கும் ‘ம்’. குழந்தை குட்டி இல்லை. பிறகு ஒரு நாள் காலையில், "அக்கா வீட்டுக்குப் போயிட்டு வரேன்" என்று பெட்டியோடு கிளம்பியவர் திரும்பவில்லை. இவர் போய்க் கூப்பிடவும் இல்லை. வரேன் என்று சொல்லிவிட்டுத்தானே போயிருக்கிறாள் என்று வாசல் விளக்கைப் போட்டுவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். இப்படியும் ஒரு ஆள் இருப்பானா என்று எனக்குச் சுறுசுறுவென்று கோபம் வந்தது. குழுவில் சேர்ந்த பிறகு முடி வெட்டுகையில் அவராகச் சொன்ன கதை இது, கையில் கத்தரிக்கோல் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

அந்த அம்மா இப்போது கடைவீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறார். எடைமேடைக்காரர் அவ்வப்போது தன் கண்ணாடியின் திருகைத் தானே நகத்தால் தளர்த்திக்கொண்டு அங்கே போய் நிற்பார். அந்த அம்மா ஊசி மாதிரி இருக்கிற ஒரு திருப்புளியை எடுத்து முடுக்கித் துடைத்துக் கொடுப்பார். "இது ஏன் இப்படி அடிக்கடி லூசாகுது?" என்பார். இவர் ‘ம்’ என்று சொல்லி வாங்கி மாட்டிக்கொண்டு திரும்புவார். கண்ணாடிக் கடையில் இருப்பவருக்கு நகத்தால் தளர்த்திய திருகு தெரியாமலா போகும்? தெரிந்துதான் இருக்கும்.

குழுவில் சேர்ந்ததே மனைவியைக் கச்சேரிக்குக் கூப்பிடத்தான் என்பதை எடைமேடைக்காரர் கடைசிவரைக்கும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஆளுக்கொரு இலவச டிக்கெட்டை டீச்சர் கொடுத்தபோது, "மூணாவது வரிசை ஓரம் கிடைக்குமா?" என்று அவராகவே போய்க் கேட்டார். எங்களுக்கெல்லாம் ஆச்சரியம். எழுந்து போக வேண்டியிருந்தால் யார் காலையும் மிதிக்காமல் போகலாம் என்று ஓரம் கேட்டிருக்கிறார், பாருங்கள்.

அந்த டிக்கெட்டோடும் லூசான கண்ணாடியோடும் அவர் கடைக்குப் போன கதையை எனக்குத் தவணை முறையில்தான் சொன்னார். நான் கோத்துச் சொல்கிறேன். கண்ணாடியைக் கொடுத்துவிட்டு டிக்கெட்டை மேஜைமேல் வைத்திருக்கிறார்.

"என்ன இது?"

"பாட்டு. இங்கிலீஷ் பாட்டு. பெரிய அரங்குல."

"யார் பாடறாங்க?"

"நான்."

அந்த அம்மா திருப்புளியைப் பிடித்தபடியே நிமிர்ந்திருக்கிறார். "நீங்களா? வாயத் தெறந்தா?"

"ம். நிறைய பேர்கூட. நீ வந்தா நல்லா இருக்கும்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவியிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு இதுவாகத்தான் இருக்கும். கடை மூடுகிற நேரம். முதலாளி உள்ளே ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு வந்தார். அந்த அம்மா கண்ணாடியை முடுக்கிக் கொடுத்தார். டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கைப்பைக்குள் போட்டார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "சரி, வரேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

அன்றைக்கு ஒத்திகைக்கு வந்த எடைமேடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. மற்றவர்கள் பாடவேண்டிய இடத்திலெல்லாம் சேர்ந்து பாடி டீச்சரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். டீ குடிக்கிற நேரத்தில் அவராகவே என்னிடம் வந்து, "வரேன்னு சொல்லிட்டா" என்றார். பேப்பர்க்கார அக்கா பக்கத்தில்தான் நின்றிருந்தார். நல்ல மனுஷி, ஆனால் எதையும் விசாரிக்காமல் விடமாட்டார்.

"எப்பச் சொன்னாங்க அண்ணே? பேசிக்கிட்டிருக்கறப்பவா?"

"இல்ல, கெளம்பறப்ப."

"கெளம்பறப்பன்னா, பையை மாட்டிக்கிட்டா?"

"ஆமா."

அக்கா டீயைக் கீழே வைத்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. பையை மாட்டிக்கிட்டு வரேன்னு சொன்னா, அதுக்குப் பேரு போறேன்."

எடைமேடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அக்காவும் உதட்டைக் கடித்துக்கொண்டார். நான்தான் குறுக்கே புகுந்து, "டிக்கெட்டைப் பைக்குள்ள போட்டாங்களே, அப்ப வருவாங்கன்னுதானே அர்த்தம்?" என்று சமாளித்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் அதே சந்தேகம்தான். நம் ஆட்களுக்குப் போகும்போது ‘போறேன்’ என்று சொல்ல நாக்கு எழாது. பால் பாக்கெட் வாங்கப் போகிறவரும் ‘வரேன்’தான், ஒரேயடியாகப் போகிறவரும் ‘வரேன்’தான். இங்கிலீஷ்காரனுக்கு இப்படி ஒரு தலைவலி வராது. இங்கே ஒரு மனுஷனை அந்த ஒரே வார்த்தை ஏற்கெனவே ஒரு தடவை வருஷக் கணக்கில் உட்காரவைத்திருக்கிறது.

"பேசாம இன்னொரு தடவை திருகைக் கழட்டிக்கிட்டுப் போய்க் கேட்டுட்டு வந்திடுங்க அண்ணே" என்றேன்.

"கேட்டா, வரலன்னு சொல்லிட்டா?"

"சொன்னா தெரிஞ்சுபோயிடும். நிம்மதி."

"தெரியாம இருந்தா, கச்சேரி வரைக்குமாவது வருவா தம்பி" என்றார்.

வாயை மூடிக்கொண்டேன். என் வாயை இன்னொருவர் மூடியது அபூர்வம்.

அதற்குப் பிறகு அவர் கடைவீதிப் பக்கமே போகவில்லை. மற்ற எல்லோருக்கும் கச்சேரி நெருங்க நெருங்கக் குஷி. பேப்பர்க்கார அக்கா புதுச் செருப்பு வாங்கி வீட்டுக்குள்ளேயே நடந்து பழக்கினார். வாத்தியக்காரர்களோடு முதல் முறையாகச் சேர்ந்து பாடிய அன்று, டீச்சர் சொன்ன மாதிரியே தரை அதிர்ந்தது. எனக்கு மயிர்க்கூச்செடுத்து, பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். எடைமேடைக்காரர் வாய் பாடிக்கொண்டிருந்தது, கண் மட்டும் காலியான அரங்கில் மூன்றாவது வரிசை ஓரத்து நாற்காலியில் இருந்தது. நூறு பேருக்கு நடுவில் நின்றுகொண்டு ஒரு மனுஷன் இவ்வளவு தனியாக இருக்கமுடியுமா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு வரியைக் கோட்டை விட்டேன்.

கச்சேரிக்கு முந்தின நாள் சாயங்காலம் முடி வெட்ட அவர் வீட்டுக்கே போனேன். இரண்டே அறை. வாசல் பல்பு புதுசு. ஃபேன் இறக்கைகள் துடைத்துப் பளபளவென்று இருந்தன. கட்டிலில் மடிப்புக் கலையாத விரிப்பு. அலமாரியில் பாதித் தட்டுகளைக் காலி பண்ணி, தன் துணிமணியையெல்லாம் மறுபாதியில் திணித்து வைத்திருந்தார். கதவு சரியாக மூடவில்லை. நான் எதையும் கேட்கவில்லை. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, துணியைப் போர்த்தி, சீப்பை எடுத்தேன்.

"பாட்டு முடிஞ்சு திரும்பி வர்ற வழியில என்ன பேசறதுன்னு யோசிச்சு வச்சிருக்கேன்" என்றார்.

"அட! என்ன?"

"பீர் கதை."

"எங்க, நான்தான் அவங்கன்னு நெனச்சுக்கிட்டுச் சொல்லுங்க பார்ப்போம்."

தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாங்க பீர் இல்லன்னு பாடிட்டோம்" என்று ஆரம்பித்தார். சிரிக்க வேண்டியதை முதலிலேயே போட்டு உடைத்தாயிற்று. பிறகு அந்த மூன்று புள்ளியை விளக்கினார். பிறகு யார் யார் எங்கே நின்றோம் என்று சொன்னார். "இல்ல அண்ணே, முதல்ல புள்ளி, கடைசியிலதான் பீர்" என்று திருத்தினேன். மறுபடி சொன்னார். மறுபடி பீர் முன்னால் வந்தது. முடியை வெட்டி முடிக்கும்வரை சொல்லிச் சொல்லிப் பார்த்து, கடைசி தடவை ஓரளவு சரியாகச் சொன்னார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

கச்சேரி நாள். மேடைக்குப் பின்னால் இருக்கும் நடையில் கறுப்புச் சட்டையோடு வரிசையாக நின்றோம். திரையோரம் ஒரு சந்து இருந்தது. எடைமேடைக்காரர் அதில் கண்ணை வைத்துப் பார்ப்பதும், திரும்பி வந்து நிற்பதும், மறுபடி போவதுமாக இருந்தார். அரங்கு நிரம்பிக்கொண்டே வந்தது. மூன்றாவது வரிசை ஓரம் மட்டும் காலி. "இன்னும் நேரம் இருக்கு" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். நான் கேட்கவே இல்லை.

அப்போதுதான் காவலாளி வந்து, "இங்க எடைமேடைக்காரர் யாரு? பின்வாசல்ல ஒரு அம்மா கூப்பிடறாங்க" என்றார். இவர் ஓடினார். அந்த மனுஷன் ஓடி நான் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரத்தில் டீச்சர் வரிசையைச் சரிபார்த்துவிட்டு, "அவர் எங்க? கூட்டிட்டு வாங்க, சீக்கிரம்" என்று என்னை விரட்டினார். பின்வாசல் இரும்புக் கதவு பாதி திறந்திருந்தது. வெளியே இருவரும் நின்றிருந்தார்கள். கூப்பிட வாயெடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

"அன்னைக்குச் சொன்னது வாய்ப் பழக்கத்துல சொன்னது" என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். "வீட்டுக்குப் போனப்புறம்தான் உறைச்சுது. நீங்க அதை எப்படி எடுத்துப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா? முன்னாடி ஒரு தடவை அப்படிச் சொல்லிட்டுப் போய்த்தான் உங்களை உட்கார வச்சேன். அதான் இந்தத் தடவை நேர்ல வந்தேன். நான் வரல. உள்ளயும் வரல, வீட்டுக்கும் வரல."

எடைமேடைக்காரர் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"உள்ள உட்கார்ந்து கேட்டா, முடிஞ்சதும் நீங்க வாசல்ல எனக்காக நிப்பீங்க. நானும் கூட வந்திடுவேனோன்னு பயமா இருக்கு. வந்தா மறுபடி அதே ‘ம்’தான். என்னால முடியாதுங்க."

உள்ளே முதல் மணி அடித்தது. அவர் ‘ம்’ என்று சொல்லப் போய், அதை விழுங்கிக்கொண்டதை நான் பார்த்தேன்.

அந்த அம்மா கைப்பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "அப்படி என்னதான் பாடுவீங்க? அதை மட்டும் கேட்டுட்டுப் போறேன்" என்றார்.

"என் பங்கு மட்டும் தனியா நல்லா இருக்காது. எல்லாரும் சேர்ந்தாத்தான் பாட்டு."

"பரவாயில்ல, பாடுங்க."

அவர் சொன்னது நிஜம். கீழ்க்குரல் பங்கைத் தனியாகக் கேட்டால் பக்கத்துத் தெருவில் யாரோ தண்ணீர் மோட்டார் போட்ட மாதிரி இருக்கும். அதுவும் எங்கள் முதல் பக்கம் படுமோசம். ஒரே சுரத்தில் நாலு வார்த்தை, அப்புறம் மற்றவர்கள் பாடி முடிக்கும்வரை மௌனம், மறுபடி அதே சுரம். எடைமேடைக்காரர் கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, மேடையில் நிற்பது போல நின்று, அந்த முதல் பக்கத்தைப் பாடினார். நாலு வார்த்தை. பிறகு விரலை மெதுவாகத் தட்டி எண்ணிக்கொண்டு பேசாமல் நின்றார். அவர் காதுக்குள் பெண்கள் வரிசை பாடிக்கொண்டிருக்கும். அந்த அம்மாவுக்கு ஒன்றும் கேட்காது. ஆனாலும் அந்த அம்மா நகரவில்லை. இன்னும் வரும் என்று தெரிந்தவர் போல இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்தது. மறுபடி மௌனம், மறுபடி காத்திருந்தார். கடைசியில் அந்தக் குரல் ஒரே ஒரு படி மேலே ஏறும், அங்கே பக்கம் முடியும். ஏறி முடித்துவிட்டு எடைமேடைக்காரர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார்.

"நல்லா இருந்துது" என்றார் அந்த அம்மா. டிக்கெட்டை எடுத்து அவர் சட்டைப்பையில் வைத்துவிட்டு, தெருவைக் கடந்து போனார். திரும்பிப் பார்க்கவில்லை. இவரும் கூப்பிடவில்லை.

நாங்கள் படியேறும்போது இரண்டாவது மணி அடித்துவிட்டது. வரிசையில் எங்கள் இடத்தில் போய் நின்றோம். விளக்குகள் முகத்தில் அடித்தன, எதிரே இருந்தவர்கள் ஒருவரும் கண்ணுக்குத் தெரியவில்லை. டீச்சர் குச்சியைத் தூக்கினார். வாத்தியங்கள் தொடங்கின, பெண்கள் தொடங்கினார்கள், எங்கள் முறை வந்தது. கீழ்க்குரல் வரிசை மொத்தமும் வாயைத் திறந்தது. எடைமேடைக்காரர் திறக்கவில்லை. முறையை மறந்துவிட்டார் என்று நினைத்து முழங்கையால் இடித்தேன். முன்னால் பார்த்தபடியே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"அந்தப் பக்கத்தைப் பாடியாச்சு தம்பி."

முதல் பக்கம் முழுக்க வாயை மூடிக்கொண்டு நின்றார். புத்தகத்தைப் புரட்டியதும் எங்களோடு சேர்ந்துகொண்டார்.